அஸ்தம்பட்டி மாடியில இருக்குற சிஎஸ்சி சென்டர்: டிசபிலிட்டி பென்ஷனுக்கு அலையுற மிலிட்டரி குடும்பங்க படிங்க

நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம். எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல 17 வருஷம் இருந்துட்டு 1998ல ஹவில்தாரா வெளிய வந்தவரு. மோர்டார் பிளட்டூன், 81 எம்எம் மோர்டார்ங்குற சின்ன பீரங்கி பக்கத்துலயே நின்னு நின்னு இடது காது சுத்தமா மந்தமாயிடுச்சு, வலது காதுல கொஞ்சம் கேக்கும். வெளிய வரும்போது மெடிக்கல் போர்டு 20 பர்சன்ட்னு போட்டாங்க, ஆனா அது சர்வீஸால வந்தது இல்லன்னு எழுதி டிசபிலிட்டி பென்ஷன் மட்டும் வராம போச்சு, சர்வீஸ் பென்ஷன் வருது. அந்த லெட்டர டிஸ்சார்ஜ் புக்குக்குள்ள மடிச்சு வச்சுட்டு இத்தன வருஷம் அவரு யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல.

இந்த ரிவ்யூ சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானால இருந்து ஏற்காடு ரோட்டுல கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ் கடை மாடியில இருக்குற சிஎஸ்சி சென்டர, அதாவது கவர்மென்ட் ஆன்லைன் வேலையெல்லாம் பண்ணித் தர்ற பொதுச் சேவை மையத்த பத்தி. நாலு ஸ்டார் குடுக்குறேன். ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு கடைசில சொல்றேன். ஆனா அங்க போறதுக்கு முன்னாடி நடந்தத சொன்னாதான் இந்த கடையோட அருமை புரியும், அதனால கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

போன வருஷம் ஆடி மாசம் தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா ஒரு ஆளு வீட்டுக்கு வந்தாரு, பென்ஷன் கன்சல்டன்ட்னு கார்டு குடுத்தாரு. சார் உங்களுக்கு 20 பர்சன்ட் தானே போட்டிருக்கான், நான் 75 ஆக்கித் தர்றேன், 1998ல இருந்து அரியர்ஸ் மொத்தமா லட்சக்கணக்குல வரும், வர்றதுல கால் பங்கு எனக்கு குடுத்தா போதும், இப்ப செலவுக்கு 8,000 குடுங்கன்னு சொன்னாரு. அப்பா குடுத்துட்டாரு. கூடவே ரெண்டு வெள்ளப் பேப்பர்ல கையெழுத்து, ஒரு செக் லீஃப்ல கையெழுத்து, மிலிட்டரி பென்ஷன் வெப்சைட்டான ஸ்பர்ஷோட யூசர் ஐடி பாஸ்வேர்டு, அது போக போன்ல வந்த ஓடிபி ரெண்டு தடவ படிச்சு சொல்லிருக்காரு. நான் அன்னிக்கு வேலைக்கு போயிட்டேன், சாயங்காலம் வந்து கேட்டப்ப எனக்கு வயிறே கலங்கிடுச்சு.

ஒரு மாசம் கழிச்சு அதே ஆளு போன் பண்ணி, முட்டி வலிக்கும் சக்கரைக்கும் சேத்து எழுதிடலாம், பழைய தேதி போட்ட சீட்டு ஒரு கிளினிக்ல வாங்கித் தர்றேன்னு சொன்னாரு. அதுக்கும் மேல, காது டெஸ்ட்டுக்கு கூப்பிட்டா ஹெட்போன்ல சத்தம் கேட்டாலும் பட்டன அழுத்தாதீங்க, சும்மா உக்காந்திருங்கன்னு அப்பாவுக்கு சொல்லிக் குடுத்தாரு. அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. எனக்கு நெசமாவே கேக்கலயே, நான் ஏன் நடிக்கணும்னு ஒரே ஒரு தடவ கேட்டாரு. அதுக்கப்புறம் பேசவே இல்ல.

நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும்ல, அதுக்காகத்தான் இந்த கடைக்கு முதல்ல போனோம். காலைல பஸ்ஸ புடிச்சு 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டில எறங்குனா நடக்குற தூரம்தான். உள்ள ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவத்துல தினசரி காலண்டர், நாலு பிளாஸ்டிக் சேர். கடைய நடத்துறது ஒரு அக்கா, நாப்பது வயசு இருக்கும், அவங்க அப்பாவும் பட்டாளத்துல இருந்தவராம். சிஸ்டம் மானிட்டர நம்ம பக்கம் பாத்த மாதிரி திருப்பி வச்சிருக்காங்க, அவங்க என்ன டைப் பண்றாங்கன்னு நமக்கு தெரியும். சுவத்துல கையால எழுதி ஒட்டிருக்காங்க, “ஓடிபிய என்கிட்ட சொல்லாதீங்க, நீங்களே டைப் பண்ணுங்க”ன்னு. கண்ணு தெரியாத பெரியவங்களுக்கு கூட நம்பர் பெருசா தெரியுற மாதிரி கீபோர்டுல ஸ்டிக்கர் ஒட்டிருக்காங்க.

அப்பாவுக்கு கைரேக விழல. மிளகும் காப்பியும் பறிச்சு பறிச்சு விரல் தேஞ்சு போச்சு. அந்தக்கா ஈரத்துணியால ஒவ்வொரு விரலா தொடச்சு, கட்டை விரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல்னு மாத்தி மாத்தி வச்சு பாத்தாங்க, ஏழு தடவ ஃபெயிலு. பின்னாடி கியூல ஆளுங்க நிக்குறாங்க, அவங்க மூஞ்சில ஒரு சுளிப்பு கூட இல்ல. கடைசில போன்ல முகத்த காட்டி கண்ண சிமிட்ட சொல்லி எடுத்தாங்க, உடனே வந்துருச்சு. அப்பாவுக்கு காது கேக்கலன்னு தெரிஞ்சதும் கத்திப் பேசல, காலண்டர் கிழிச்ச தாளுங்கள ஒரு கிளிப்ல போட்டு வச்சிருக்காங்க, அதுக்கு பின்னாடி பெரிய எழுத்துல எழுதி காட்டுறாங்க. வேற எந்த ஆபீஸ்லயும் அப்பாகிட்ட யாரும் இப்படி பேசி நான் பாத்ததில்ல, வழக்கமா என்கிட்டதான் பேசுவாங்க, அவர் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு.

சர்டிபிகேட் முடிஞ்சதும் ஸ்பர்ஷ்ல ஒரு தடவ லாகின் பண்ணி பாத்துக்கோங்க ஐயான்னு சொன்னாங்க. பாஸ்வேர்டு தப்புன்னு வருது. ரீசெட் பண்ணலாம்னு பாத்தா ஓடிபி அப்பா போனுக்கு வரல. கடைசி நாலு நம்பர் காட்டுது, அது எங்க வீட்டுல யாரோட நம்பரும் இல்ல. அப்பதான் நான் எல்லாத்தையும் சொன்னேன். அவங்க வேற வேலை எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு தாள்ல வரிசையா எழுதுனாங்க. முதல்ல பேங்குக்கு போய் அந்த செக் நம்பர ஸ்டாப் பேமென்ட் பண்ணுங்க, பென்ஷன் அக்கவுண்ட் நம்பர் மாறிருக்கான்னு பாருங்க, அப்புறம் சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் பதிவு பண்ணுங்க, அப்புறம் வாங்க மொபைல் நம்பர் மாத்துறத பாக்கலாம்னு. நல்லவேளை அக்கவுண்ட் மாறல. நம்பர திருப்பி வாங்க மூணு தடவ வர வேண்டி இருந்துச்சு, மூணு தடவையும் சேத்து அவங்க வாங்குனது 60 ரூபா, ரசீதோட. அந்த 8,000 இன்னும் வரல.

இப்ப முக்கியமான விஷயம். அப்பாவோட கேஸ அவங்க பாத்த விதம்.

அந்த ரிஜெக்ஷன் லெட்டர படிச்சுட்டு, இது வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, மெடிக்கல் போர்டு பேப்பர் வேணும், ஏஎஃப்எம்எஸ்எஃப் 16னு ஒரு பாரம், அது உங்க ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கும்னாங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் நம்ம நீலகிரில வெலிங்டன்லதான் இருக்கு. ஆர்டிஐ போடுங்க, 10 ரூபா போஸ்டல் ஆர்டர், 30 நாள்ல பதில் குடுத்தே ஆகணும், வக்கீல் வேண்டாம் ஏஜென்ட் வேண்டாம், ஐயா பேர்லயே ஐயா கையெழுத்துலயே போடலாம்னு சொன்னாங்க. போட்டோம். 26வது நாள் கவர் வந்துருச்சு. எட்டு பக்கம். அதுல 1981ல சேரும்போது காது நார்மல்னு இருக்கு, 1993ல கேட்டகரி கொறச்சது இருக்கு, மோர்டார் பிளட்டூன்ல எத்தன வருஷம்னு இருக்கு. அப்பாவுக்கு சாதகமா இருக்குற பேப்பர் 27 வருஷமா வெலிங்டன்ல ஒரு ஃபைல்ல சும்மா கெடந்திருக்கு.

அந்தக்கா சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும், எல்லாருக்கும் பிரயோஜனப்படும்னு எழுதுறேன். 2013ல சுப்ரீம் கோர்ட் தரம்வீர் சிங் கேஸ்ல என்ன சொல்லிச்சுன்னா, சேரும்போது மெடிக்கல்ல எந்த குறையும் எழுதலன்னா அந்த ஆளு நல்லா இருந்தாருன்னுதான் எடுத்துக்கணும், பின்னாடி வந்த நோய் சர்வீஸால வரலன்னு நிரூபிக்க வேண்டியது ஆர்மியோட பொறுப்பு, ஜவானோட பொறுப்பு இல்ல. அப்புறம் 2014 டிசம்பர்ல ராம் அவதார் கேஸ்ல, சர்வீஸ் முடிச்சு நார்மலா ரிட்டையர் ஆனவங்களுக்கும் பர்சன்டேஜ ரவுண்ட் பண்ணணும்னு சொன்னாங்க, அதாவது 20ல இருந்து 50க்கு கீழ வரைக்கும் இருந்தா 50, 50ல இருந்து 75 வரைக்கும் 75, அதுக்கும் மேல 100. டிசபிலிட்டி எலிமென்ட், அதாவது ஊனத்துக்குன்னு தனியா வர்ற பங்கு, 100 பர்சன்ட்னா கடைசி சம்பளத்துல 30 பர்சன்ட், 50னா அதுல பாதி 15 பர்சன்ட்.

இத கேட்டதும் எனக்கு ஒண்ணு ஒறச்சுது. அப்பாவோட 20, சர்வீஸால வந்ததுன்னு ஒத்துக்கிட்டா தானாவே 50 ஆயிடும். யாரும் ஏத்த வேண்டியதில்ல. அந்த ஏஜென்ட் கால் பங்கு கேட்டது எதுக்கு? சட்டம் சும்மா குடுக்குறத தன் தெறமைன்னு வித்திருக்காரு. 50க்கு மேல 75ன்னு சொன்னது மட்டும்தான் அவரோட சொந்த சரக்கு, அது பொய். பர்சன்டேஜ் போடுறது மிலிட்டரி ஹாஸ்பிடல் மெடிக்கல் போர்டு, அத வெளிய இருந்து எந்த மனுசனும் ஏத்தி வாங்கித் தர முடியாது.

அரியர்ஸும் அப்படித்தான். 2008ல இதே மாதிரி ஒரு டிசபிலிட்டி பென்ஷன் கேஸ்ல, லேட்டா வந்த ஒரு ஜவானுக்கு கேஸ் போட்ட தேதிக்கு முன்னாடி மூணு வருஷத்துக்கு மட்டும்தான் அரியர்ஸ்னு சுப்ரீம் கோர்ட் நிறுத்திடுச்சு. அதனால 1998ல இருந்து மொத்தமும் வரும்னு யாராவது தொகை சொன்னா நம்பாதீங்க. அந்தக்கா எங்களுக்கு ஒரு தொகையும் சொல்லல. வந்தா வரும், வரலன்னா சென்னைல மிலிட்டரிக்காரங்க கேஸ விசாரிக்குற ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனல் இருக்கு, வக்கீலுக்கு காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவசமா கேக்கலாம்னு மட்டும் சொன்னாங்க.

இனி நான் சொல்றதுக்காகத்தான் இந்த ரிவ்யூவையே எழுத உக்காந்தேன். அப்பீல் டைப் பண்ணும்போது, அந்த ஏஜென்ட் மனசுல போட்ட விதைதான், அப்பா தயங்கி தயங்கி முட்டியவும் சேத்துக்கலாமான்னு கேட்டாரு. அந்தக்கா டைப் அடிக்கிறத நிறுத்திட்டு காலண்டர் தாள எடுத்து, “ஐயா இந்த முட்டி எப்ப அடிபட்டுச்சு?”ன்னு எழுதி காட்டுனாங்க. அப்பா ரொம்ப நேரம் அந்த தாளையே பாத்தாரு. அப்புறம், “2016ல அம்மிணி, சில்வர் ஓக் மரத்துல மிளகு பறிக்க ஏறி ஏணி வழுக்கிடுச்சு”ன்னாரு. அந்தக்கா திரும்ப எழுதுனாங்க, “அப்ப அது இதுல வராதுங்க ஐயா. காது மட்டும் போதும். காது நெசம்.” அவ்வளவுதான். திட்டல, பாடம் எடுக்கல. அப்பா தலைய ஆட்டிட்டு அந்த தாள வாங்கி சட்டப் பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு. ஆடில இருந்து அவரு நெஞ்சுல இருந்த பாரம் அன்னிக்குதான் எறங்குச்சுன்னு எனக்கு தெரியும், ஏன்னா வெளிய வந்ததும் தட்டு வடை செட் சாப்பிடலாமான்னு அவராவே கேட்டாரு.

பட்டன அழுத்தாதீங்கன்னு அந்த ஆளு சொன்னது எவ்வளவு பெரிய கேடுன்னு பின்னாடி ஒரு காது டாக்டர்கிட்ட காட்டுனப்பதான் புரிஞ்சுது. ஹெட்போன் டெஸ்ட்ல நம்ம பதில வச்சு பாப்பாங்க சரி, ஆனா பெரான்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, நெத்தில காதுக்கு பின்னாடி வயர் ஒட்டி படுக்க வச்சிடுவாங்க, சத்தத்துக்கு மூளை குடுக்குற சிக்னல மெஷினே எழுதிடும், நாம ஒண்ணும் சொல்லவே வேண்டாம். ஒரு டெஸ்ட்டுக்கும் இன்னொண்ணுக்கும் ஒத்து வரலன்னா நடிக்கிறாருன்னு எழுதிடுவாங்க, அதோட நெசமா இருக்குற 20ம் போச்சு. அப்பாவுக்கு அந்த டாக்டர் ரெண்டும் எடுத்தாரு, ரெண்டுலயும் இடது காது ஒரே மாதிரி வந்துச்சு. அந்த ரிப்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அப்பீலோட வச்சோம்.

பொய் கிளைம் யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2023ல டிசபிலிட்டி பென்ஷன் வாங்குறவங்க எண்ணிக்கை பத்தி கவர்மென்ட் கணக்க தணிக்கை பண்ற சிஏஜியே ரிப்போர்ட்ல கேள்வி எழுப்புனாங்க, அதே வருஷம் செப்டம்பர் 21ல இருந்து புது ரூல் வந்துருச்சு, அதுல கட்டுப்பாடு அதிகம்னு எக்ஸ்-சர்வீஸ்மேன்ங்க நெறைய பேரு இன்னிக்கு வரைக்கும் மனசு நொந்து பேசுறாங்க. அந்த ரூல் அதுக்கப்புறம் வெளிய வர்றவங்களுக்குதான். ஆனா ஒவ்வொரு பொய் பேப்பருக்கும் வெல குடுக்குறது கையில காலுல குண்டு வாங்கிட்டு போர்டு முன்னாடி உக்காந்திருக்குற 25 வயசு பையன். எங்கப்பா மாதிரி ஆளுங்க காது கேக்கலன்னு சொன்னா, எதிர்ல இருக்குறவரு முதல்ல நம்பணும். அந்த நம்பிக்கைய காசுக்கு வித்துட்டு போறவங்கள நெனச்சா எனக்கு ஆத்திரமா வருது.

இந்த கடைல நான் கண்ணால பாத்த இன்னொரு விஷயம். ஒரு அண்ணன் வந்து, எங்கப்பா நடக்க முடியாம படுத்திருக்காரு, போட்டோ இருக்கு, போட்டோவ காட்டி முகத்த எடுத்துடுங்கன்னு கேட்டாரு. அவரு சொன்னது நெசமாவே இருக்கலாம். ஆனா அந்தக்கா முடியாதுங்கன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு, போஸ்ட்மேன வரச்சொல்லி வீட்டுலயே எடுக்கலாம், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலமா 70 ரூபாதான்னு சொல்லி, போஸ்ட் ஆபீஸ்ல என்ன கேக்கணும்னு எழுதிக் குடுத்து அனுப்புனாங்க. இறந்து போனவங்க பேர்ல பென்ஷன் ஓடுறது இப்படி சின்ன ஒத்தாசைல இருந்துதான் ஆரம்பிக்குது, அப்புறம் பணத்த மொத்தமா திருப்பிப் புடிக்கும்போது குடும்பமே நடுத்தெருவுல நிக்கும், அந்த வீட்டு அம்மாவுக்கு நியாயமா வர வேண்டிய ஃபேமிலி பென்ஷனும் இழுத்துக்கிட்டே கெடக்கும்.

ஜெராக்ஸ் குடுக்குறதுல கூட கவனமா இருக்காங்க. ஆதார் காப்பி குறுக்கால எதுக்கு குடுக்குறோம், என்ன தேதின்னு நம்மளயே எழுத சொல்றாங்க. கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற ஆதார் எடுத்து குடுத்தாங்க, பாதி எடத்துக்கு அதுவே போதுமாம். வேலை முடிஞ்சதும் ஸ்கேன் பண்ணத நம்ம கண்ணு முன்னாடி டெலீட் பண்றாங்க.

ரேட்டு நான் குடுத்தது: லைஃப் சர்டிபிகேட் 50, ஆர்டிஐ எழுதி பிரிண்ட் எடுத்தது 100, போஸ்டல் ஆர்டர் 10 தனி, அப்பீல் அஞ்சு பக்கம் டைப் பண்ணது பக்கத்துக்கு 20. வர்ற அரியர்ஸ்ல பங்குங்குற பேச்சே கிடையாது, அப்பா சந்தோஷத்துல அக்கா ஜெயிச்சா நான் பாத்து செய்யுறேன்னு சொன்னதுக்கு கூட வேண்டாங்க ஐயா, டைப் பண்ண காச குடுங்கன்னாங்க.

குறைன்னு பாத்தா, ஒண்ணு அந்த மாடிப்படி. பதினாறு படி, குறுகலு, ஒரு பக்கம்தான் கைப்பிடி. கால் போன மிலிட்டரிக்காரங்க வர்ற எடத்துக்கு இது சரியில்ல, கீழ இருந்து போன் பண்ணா எறங்கி வந்து பாக்குறாங்கதான், ஆனா அது போர்டுல எழுதி வைக்கல, தெரியாதவங்க கஷ்டப்பட்டு ஏறுறாங்க. ரெண்டாவது கைரேக மெஷின் ஒண்ணே ஒண்ணு, நவம்பர் கடைசி வாரம் போனா காலைல பத்து மணிக்கு போய் சாயங்காலம் நாலுக்குதான் வெளிய வருவீங்க, டோக்கன் கிடையாது, பாத்ரூம் கிடையாது, வயசானவங்களுக்கு ரொம்ப செரமம். சர்வர் டவுன்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியல. மலைல இருந்து வர்றவங்க காலைல முதல் பஸ்லயே எறங்கிடுங்க. ஞாயித்துக்கெழம லீவு.

இன்னொண்ணு, அப்பீல் ரிஜெக்ஷன் வந்து ஆறு மாசத்துக்குள்ள போடணும். எங்களுக்கு அது எப்பவோ தாண்டிடுச்சு, லேட்டானதுக்கு காரணம் எழுதி மன்னிக்க கேட்டுதான் போட்டிருக்கோம், இது நிக்குமா நிக்காதாங்குறத அந்தக்கா மறைக்காம முன்னாடியே சொல்லிட்டாங்க, கஷ்டம்தான், டிரிப்யூனல் வரைக்கும் போக வேண்டி வரலாம்னு. உங்க வீட்டுல யாருக்காவது இப்பதான் ரிஜெக்ஷன் வந்திருந்தா டிஸ்சார்ஜ் புக்குக்குள்ள மடிச்சு வைக்காதீங்க, தயவுசெஞ்சு.

போகும்போது பிபிஓ (பென்ஷன் பேமென்ட் ஆர்டர்), டிஸ்சார்ஜ் புக், ரிஜெக்ஷன் லெட்டர், ஆதார், ஸ்பர்ஷ்ல குடுத்த நம்பர் இருக்குற போன் எல்லாம் எடுத்துட்டு போங்க. போன்ல சார்ஜ் இருக்கட்டும். பெரியவர கூட்டிட்டு போங்க, அவரு இல்லாம பிள்ளைங்க மட்டும் போனா எதுவும் பண்ணித் தர மாட்டாங்க.

எங்க அப்பீல் ஜனவரில தபால்ல வெலிங்டன் போச்சு. அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு பத்து நாள்ல திரும்பி வந்துச்சு, ரெக்கார்ட் ஆபீஸ் சீலோட. அப்பா அத டிஸ்சார்ஜ் புக்குக்குள்ள வைக்கல. டிவி மேல, வர்றவங்க போறவங்க கண்ணுல படுற மாதிரி நிறுத்தி வச்சிருக்காரு, பக்கத்துல அந்த காலண்டர் தாளும்.